கேளுங்கள்... பதில் சொல்கிறேன்!

கே: பணத்துக்கு மும்பை, ஆட்சிக்கு டெல்லி என்கிறோம். சோழர் காலத்துத் தஞ்சையில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததா?
– வாசகர், பாபநாசம்

ப: இருந்தது! ஆட்சிக்குத் தஞ்சைதான் தலைநகர்; பணமோ பெரிய கோயில் மதிலுக்குள்ளேயே! 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கோயில் ஒரு வங்கியாகவும் நடந்தது. மூலதனத்தைக் காவிரிக்கரை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுப்பார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைய நகைக்கடன்காரர்கள் கவனிக்க!

எனக்குப் பிடித்தது பிள்ளையார் கணக்கு. தஞ்சைக் கடைத்தெரு வணிகர்களிடம் 360 காசைக் கொடுத்து வைத்தார்கள். அதற்கு ஆண்டு வட்டி 45 காசு. அன்று காசுக்கு 1200 வாழைப்பழம். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 150 பழம் வரும் (ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). பிள்ளையாருக்கு ஒருநாளும் குறை வராது. முதல் அப்படியே இருக்கும்.

கலைக்கும் இதே கறார்தான். ராஜராஜன் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை வரவழைத்து வீடும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான். எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, யார், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. நம் தெருவில் கதவிலக்கம் இன்னும் குழப்பம்தான்!

பிறகு ராஜேந்திரன் தலைநகரைக் கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிக்கொண்டான். அடுத்த முறை தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். அதன் அடிப்பீடமான அதிட்டானத்துக் கல்வெட்டுகளையும் பாருங்கள்.