ரசம் ஊத்தி ஓட்டாதீங்க தங்கச்சி, உங்க தட்டுக்கும் முட்டை வேணும்

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில டெய்லர், நான் வீட்டுல இருந்தே பிசிறு வெட்டறேன். பொண்ணு மூணாவது படிக்கறா, கவர்மென்ட் ஸ்கூல். பையனுக்கு ரெண்டரை வயசு. மாமியாருக்கு சுகர். வாடகை, வட்டி போக சாப்பாட்டுக்குன்னு வாரம் 1,500 ரூபா தான் கையில நிக்குது. அதுலயும் சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அவர் பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்துடறார். பக்கத்து வீட்டுல புள்ளைங்களுக்கு டப்பா பவுடர் எல்லாம் தர்றாங்க, என்னால முடியல. எனக்கு ரசமும் ஊறுகாயும் போதும், ஆனா புள்ளைங்களுக்கு சத்தா எப்படிங்க்கா குடுக்கறது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புத் தங்கச்சி, எனக்கு ரசமும் ஊறுகாயும் போதும்னு போற போக்குல எழுதிட்டீங்க பாருங்க, மொதல்ல அதைத் தான் பேசணும். நாள் முழுக்க குனிஞ்சு உக்காந்து பிசிறு வெட்டிட்டு சமையலும் பண்ற உடம்புங்க அது, ரசம் சோத்துல எத்தனை நாளைக்கு ஓடும் சொல்லுங்க? நம்ம தமிழ்நாட்டுலயே பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல சர்வே சொல்லுது. படியேறினா மூச்சு வாங்குதா, தலை சுத்துதா, பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாத்துக்கோங்க, டெஸ்டும் இலவசம், சத்து மாத்திரையும் இலவசம். சாப்பிட்ட கையோட டீ குடிக்கற பழக்கம் இருந்தா ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க, கீரையில இருக்கற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கறதை டீ கெடுத்துடும், அதுக்கு எதிர்மாறா எலுமிச்சை புளிப்பு அதைக் கூட்டிக் குடுக்கும்.

இப்ப முட்டை கணக்கு பாப்போம். கடையில ஒண்ணு 7 ரூபான்னு வச்சாலும் வாரம் 15 முட்டை 105 ரூபா தான், ஆளுக்கு மூணு வரும். ஒரு முட்டையில 6 கிராம் புரோட்டீன் இருக்கு, இந்தக் காசுக்கு இவ்வளவு சுலபமா கிடைக்கறது பெரிய விஷயம். பொண்ணுக்கு ஸ்கூல்ல மதியம் சத்துணவுல முட்டை வந்துடுது, அதனால வீட்டுல அவ பங்குல ரெண்டு உங்களுக்கு வரட்டும், நான் இதை சீரியஸா தான் சொல்றேன். காலையில ஸ்கூல்ல போடற உப்புமா, கிச்சடி, பொங்கலும் அவ தாராளமா சாப்பிடட்டும், அஞ்சாவது வரைக்கும் எல்லா அரசு தொடக்கப் பள்ளியிலயும் 2023-ல இருந்து அந்தத் திட்டம் இருக்கு, இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமே இல்ல, அது புள்ளைங்களோட உரிமை. பையனை அங்கன்வாடியில பதிஞ்சாச்சா? மூணு வயசு வரைக்கும் சத்துமாவு பாக்கெட் குடுப்பாங்க, கொஞ்சம் வெல்லம் தட்டிப்போட்டு கஞ்சியா காய்ச்சினா அந்த டப்பா பவுடருக்கு அவசியமே இல்ல. அந்த டப்பாவைத் திருப்பி சர்க்கரை எவ்வளவுன்னு போட்டிருக்கறதைப் படிச்சுப் பாருங்க. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகள்கிட்ட இதையெல்லாம் ஹெல்த் டிரிங்க்ஸ் லிஸ்ட்ல இருந்து எடுங்கன்னு சொல்லிடுச்சு, நீங்க எதுக்கு மனசு வருத்தப்படணும்.

ரேஷன்ல அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, இதை ஒரு மாசம் கூட விடாதீங்க, கார்டு சொந்த ஊர்லயே கிடந்தா முகவரி மாத்திக்கோங்க. இன்னொண்ணு, ரேஷன் அரிசி கழுவறப்ப சில மணி மேல மிதந்தா, பிளாஸ்டிக் அரிசின்னு பயந்து நிறைய பேர் பொறுக்கிப் போட்டுடறாங்க. அது அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 கலந்து அரிசி மாதிரியே செஞ்சு நூத்துக்கு ஒண்ணுன்னு கலந்தது. சத்தே அதுல தான் இருக்கு, தூக்கிப் போட்டுடாதீங்க.

அடுத்து பருப்பு, காசு பத்தலைன்னா நாம மொதல்ல கை வைக்கற இடம் இது தான், சாம்பார்ல தண்ணிய ஊத்திடுவோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம்னு வச்சாலே அஞ்சு பேருக்கு மாசம் 6 கிலோ ஆகுது, சின்னவனைக் கழிச்சாலும் கிட்டத்தட்ட 5 கிலோ வேணும், ரேஷன்ல வர்றதோ 1 கிலோ. மிச்சத்துக்கு எல்லாம் துவரம்பருப்பே வாங்கினா கட்டுப்படி ஆகாது, கொள்ளு, தட்டப்பயறு, பச்சைப்பயறு, கருப்புக் கொண்டக்கடலைன்னு மாத்தி மாத்தி வாங்குங்க. கொள்ளு இருக்கே, ராத்திரியே ஊறப்போட்டுட்டு காலையில குக்கர்ல தண்ணி தாராளமா விட்டு வேகவைங்க (ஊறப்போட்டா கேஸும் மிச்சம்), அந்தத் தண்ணிய வடிச்சு பூண்டு, சீரகம், தக்காளி போட்டு ரசம் வச்சுடலாம், வெந்த கொள்ளுல சின்ன வெங்காயம், வரமல்லி, வரமிளகா வதக்கிப் போட்டு கடைஞ்சா சோத்துக்கு ஆச்சு. ஒரே டம்ளர் கொள்ளுல ரெண்டு ஐட்டம், உங்க மாமியாருக்கும் சோறைக் குறைச்சு கடைசலைக் கூட்டி வைக்கலாம். சாயந்திரம் புள்ளைங்க கைக்கு மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டுக்கு பதிலா வேகவச்ச நிலக்கடலை குடுங்க.

வாரச் சம்பளக்காரங்க எல்லாருக்கும் இருக்கற கஷ்டம், தினமும் கடைக்குப் போய் கால் கிலோ, நூறு கிராம்னு வாங்கறது, அதுல தான் காசு கரையுது. மொத்தமா ஒரே நாள்ல வாங்க முடியாது, அதனால சனிக்கிழமைக்கு ஒண்ணா பிரிச்சுக்கோங்க, மொத வாரம் பயறு வகை, ரெண்டாவது வாரம் எண்ணெய், மூணாவது வாரம் மிளகா, மல்லி, புளி, நாலாவது வாரம் நிலக்கடலை, ராகி. காய்க்கு மட்டும் வாரம் ரெண்டு நாள் காலையில உழவர் சந்தைக்குப் போய்ட்டு வந்துடுங்க, விலை போர்டுல எழுதியே இருக்கும், அன்னிக்கு எது மலிவோ அது தான் அந்த வாரத்துக் காய்னு முடிவு பண்ணிட்டுப் போங்க, வெண்டைக்காய் வாங்கணும்னு போனா வெண்டைக்காய் தான் விலையா இருக்கும். முருங்கைக்கீரை தெருவுல யார் வீட்டு மரத்துலயாவது கிடைக்கும், கேக்கத் தயங்காதீங்க.

பரோட்டா விஷயத்துல அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல, வாரம் பூரா மெஷின்ல உக்காந்து தைக்கற மனுசன், புள்ளைங்க ஓடி வந்து பார்சலை வாங்கறதைப் பாக்கறதுக்குத் தான் வாங்கிட்டு வர்றார். மாசத்துல ஒரு சனிக்கிழமை அது இருக்கட்டும். மத்த மூணு வாரம் அந்தக் காசை அவர் கையாலயே ஞாயித்துக்கிழமை கோழிக்கடைக்குக் குடுக்கச் சொல்லுங்க, அரைக்கிலோ எடுத்து உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் போட்டு குழம்பு வச்சா மதியத்துக்கும் ராத்திரிக்கும் வரும்னு அவர்கிட்ட கணக்கு போட்டே காட்டுங்க.