யாருக்கு வெற்றி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வெப்பநிலை சென்சார்கள் எம்க்யூடிடி என்னும் செய்திப் பரிமாற்ற முறை வழியாகச் செய்தி அனுப்புகின்றன. அனுப்பும் நிரலின் லாக்கில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவில்) எல்லாமே ‘வெற்றி’. வாங்கும் பக்கம் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. ஒப்புதல் வரும்வரை விடாத க்யூஓஎஸ் 1 நிலையை வைத்தும் பயனில்லை. காஃப்கா என்ற வேறொரு செய்தி அமைப்புக்கு மாறச் சொல்கிறார் நண்பர். மாறலாமா?

கே.

அன்புள்ள கே.,

அந்த ‘வெற்றி’யைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை. சரி, கொஞ்சம் உங்கள் மேலும்தான். சில நாட்களாக இதே விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

க்யூஓஎஸ் 1-இல் உங்கள் நிரலுக்குத் திரும்பி வரும் ஒப்புதல், நடுவில் நின்று செய்தியை வாங்கிக் கேட்பவர்களுக்கு அனுப்பும் புரோக்கர் தருவது. பதிவுத் தபாலுக்குக் கவுண்டரில் கிழித்துத் தருவார்களே, அந்த ரசீது. பெற்றவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை அல்ல. அந்த டாபிக்கை, அதாவது செய்தி போகும் தலைப்பை, ஒருவர்கூடக் கேட்காவிட்டாலும் ஒப்புதல் வரும். எம்க்யூடிடியின் ஐந்தாம் பதிப்பில் ‘கேட்பவர் யாரும் இல்லை’ என்று சொல்ல ஒரு குறியீடு சேர்த்தார்கள். அதையும் சொல்லியே ஆகவேண்டும் என்று புரோக்கருக்குக் கட்டாயமில்லை. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க இதை உருவாக்கியபோதே, அனுப்புபவருக்கு வாங்குபவரைத் தெரியாது என்பதுதான் ஏற்பாடு. அப்புறம் அனுப்பும் பக்க லாக்கையே எத்தனை தடவை புரட்டுவீர்கள்?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அனுப்பும் குழு மாடியில், வாங்கும் குழு கீழே. ‘எங்கள் பக்கம் சரி’ என்று இரண்டு தரப்பும் மின்னஞ்சலிலேயே மல்லுக்கட்டின. புரோக்கரின் லாக்கை ஒருவரும் திறக்கவில்லை. அது யாருடைய வேலையும் இல்லையாம். கடைசியில் மூத்த பொறியாளர் ஒருவர் வந்து திறந்தார். ‘இந்த க்ளையன்ட் ஏற்கெனவே இணைந்திருக்கிறது, பழைய இணைப்பை மூடுகிறேன்’ என்ற ஒரே வரி பக்கம் பக்கமாக ஓடியது. “யாருப்பா அந்த இன்னொருத்தன்?” என்றார்.

யாரோ சோதனைக்காக வாங்கும் நிரலை அப்படியே நகலெடுத்து, க்ளையன்ட் ஐடியை (புரோக்கர் ஒவ்வொரு நிரலையும் அடையாளம் காணும் பெயரை) மாற்றாமல், தன் லேப்டாப்பில் ஓடவிட்டிருந்தார். அதே ஐடியில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளை புரோக்கர் வெளியேற்றியாக வேண்டும், அது விதி. வெளியே போனவர் தானாக மறுபடி இணைவார். உடனே மற்றவர் வெளியே. இணைப்பு அறுந்த நேரத்துச் செய்திகளைச் சேர்த்துவைக்காத ‘கிளீன் செஷன்’ வேறு வைத்திருந்ததால், வெளியே நின்ற நேரத்தில் வந்ததெல்லாம் போனதுதான்.

டாபிக் பெயரில் எழுத்து மாறியிருந்தாலோ, முன்னால் ஒரு சாய்கோடு கூடியிருந்தாலோ ஒன்றுகூட வந்திருக்காது. உங்களுக்கு விட்டு விட்டு வருகிறதே, அதனால்தான் உங்களிடமும் அதே ஐடியில் இன்னொருத்தன் இருக்கலாம் என்று சொல்கிறேன். புரோக்கர் இருக்கும் கணினியிலேயே வரும் செய்திகளைக் கேட்டுக் காட்டும் மஸ்கிட்டோ-சப் கருவியை அதே டாபிக்குக்கு ஓடவிடுங்கள். அதில் எல்லாம் வந்தால் அனுப்பும் பக்கத்தை விட்டுவிடலாம். ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணடிக்காதீர்கள்.

காஃப்காவா? அங்கேயும் அப்படி ஒரு லேப்டாப் அதே குரூப் ஐடியில் (வாங்கும் நிரல்களின் குழுப் பெயரில்) ஓடினால், செய்திகளைப் பிரித்துப் போடும் பார்ட்டிஷன்களைப் பங்கு போட்டுக்கொண்டு பாதிச் செய்தியை அள்ளிக்கொண்டு போய்விடும். முதலில் அது யாருடையது என்று பாருங்கள்.