ஊட்டி டூருக்கு முன்னால் கழிப்பறைத் தாழ்ப்பாள்

கேள்வி: அவிநாசி பக்கத்தில் பனியன் தையல் யூனிட் வைத்திருக்கிறேன், எல்லாம் ஜாப் ஒர்க்தான், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுப்பது. மொத்தம் 38 பேர், அதில் பாதிக்கு மேல் பெண்கள். மாதம் நாலைந்து பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். பீஸுக்கு 25 பைசா கூடக் கிடைத்தால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கன்சல்டன்ட் வந்து பார்த்துவிட்டு, "உங்களிடம் ஒர்க் கல்ச்சர் இல்லை" என்கிறார். ஊட்டிக்கு ஒரு நாள் டூர், மோட்டிவேஷன் வகுப்பு, பெண்கள் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து 75,000 ரூபாய் கேட்கிறார். என்னால் 25,000 வரைக்கும்தான் முடியும். என்ன செய்யட்டுங்க?

பதில்: அந்த 75,000-க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு 25,000 போதும், அதுவும் மீதியாகலாம்.

25 பைசாவுக்காகப் போகிறார்கள் என்பது பாதி உண்மைதான். நின்றுபோனவர்களில் கடைசி ஐந்து பேருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். லைன் சூப்பர்வைசரை விட்டுக் கேட்க வேண்டாம், அவரால்தான் பாதிப் பேர் போயிருப்பார்கள். உங்கள் வீட்டம்மா கணக்கு பார்க்கிறவராக இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள். கோவை மில்களில் பல வருடம் பர்சனல் (ஆள் நிர்வாக) வேலை பார்த்துவிட்டு இப்போது சின்ன யூனிட்டுகளுக்குப் போய்வருகிறேன். எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கிற பதில்கள் மூன்றுதான்: ரேட் என்னவென்று தைத்து முடித்த பிறகுதான் தெரிகிறது, எல்லார் முன்னாலும் திட்டுகிறார்கள், பாத்ரூம் போக முடியவில்லை.

ரேட்டுக்கு ஒரு கரும்பலகை போதும். தைக்க வந்த துணி லாட் மிஷினுக்கு ஏறுவதற்கு முன்பே ஓவர்லாக் தையலுக்கு எவ்வளவு, பிளாட்லாக் தையலுக்கு எவ்வளவு, ஆல்டர் (திருத்தித் தைக்கிற வேலை) வந்தால் யார் பொறுப்பு என்று எழுதிப்போடுங்கள். எண்ணில் எழுதினால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பையன்களும் படித்துக்கொள்வார்கள். எழுதின ரேட்டைச் சனிக்கிழமை மாற்றக் கூடாது. ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி உங்களுக்கு ரேட்டைக் குறைத்துவிட்டாரென்றால் அது உங்களுக்கும் பார்ட்டிக்கும் உள்ள கணக்கு, தைத்தவர் தலையில் அதைக் கட்டாதீர்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்ட வேண்டியிருந்தால் காலை டீக்குள் சொல்லிவிடுங்கள், சாயங்காலம் ஐந்தரைக்குச் சொன்னால் ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையை யாரிடம் விடுவது என்று அந்தப் பெண் தவித்துப்போவார், மறுவாரம் வேறு கம்பெனி பார்ப்பார்.

திட்டுகிற விஷயத்துக்குக் காசே தேவையில்லை. பெற்ற பிள்ளையையே "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்று கூப்பிடுகிற ஊர் இது. அதே ஆள் கம்பெனி கேட்டுக்குள் வந்ததும் அம்மா வயதுப் பெண்ணை "ஏய், இங்க வா" என்கிறார். சூப்பர்வைசரைத் தனியாக உட்காரவைத்து, லைனில் சத்தம் போடக்கூடாது, குறை இருந்தால் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் அப்படி நடக்க வேண்டும். நீங்கள் கட்டிங் மாஸ்டரைக் கத்தினால் அவர் ஹெல்பரைக் கத்துவார்.

அப்புறம் லேட் ஃபைன். பத்து நிமிடம் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம் பிடிக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. வராத நேரத்துக்கு உரிய சம்பளத்தை மட்டும்தான் குறைக்கலாம். அதற்கு மேல் பிடிப்பது அபராதம். அது அந்தச் சம்பளக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டமும் இதைத்தான் சொன்னது, 2019-இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. பிடித்த பணத்தைத் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவு செய்ய வேண்டும், அது உங்கள் கல்லாவுக்குள் போகக் கூடாது. என்னைக் கேட்டால் அபராதத்தையே எடுத்துவிடுங்கள்.

கழிப்பறைக்குத்தான் முதல் செலவு. தாழ்ப்பாள், பல்பு, மூடியுள்ள குப்பைக்கூடை, தண்ணீர் நிற்காமல் வர ஒரு சின்ன டேங்க், தினம் இரண்டு தடவை கழுவ ஒரு ஆளுக்குக் கூலி. கழிப்பறை சரியில்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே உட்கார்ந்து தைப்பார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி, பிறகு நீர்க்கடுப்பு, பிறகு லீவு. உங்களுக்கு ஆப்சென்ட்டாகத் தெரிவது அதுதான்.

இனி அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன், இதில்தான் சின்ன முதலாளிகளை ஏமாற்றுகிறார்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் வந்த சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். வைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். இந்த ஒரு வரியைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் ஏஜென்ட்டுகள் பணம் கறக்கிறார்கள். சான்றிதழ் வாங்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. சட்டம் கேட்பது குழு, சுவரில் அறிவிப்பு, ஆட்களுக்கு விளக்கம், வருடத்துக்கு ஒரு அறிக்கை. குழுவுக்கு மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர், ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ இந்த விஷயம் தெரிந்தவரோ ஒருவர், மொத்தத்தில் பாதியாவது பெண்கள். அந்த வெளி உறுப்பினரைத்தான் ஏஜென்ட்டுகள் வருடச் சந்தாவுக்கு விற்கிறார்கள். விதியில் அவருக்குச் சொல்லியிருக்கிற படித்தொகை, குழு கூடுகிற நாளுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும்! உங்கள் ஊரில் பெண்களுக்காக வேலை செய்கிற ஏதாவது ஒரு அமைப்புக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

"என் சம்பள ரோலில் எட்டுப் பேர்தான், மீதி காண்ட்ராக்டர் ஆள்" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களும் தினக்கூலிகளும் சேர்த்தித்தான். நிஜமாகவே பத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் குழு வேண்டாம், புகார் மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் போகும். இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள், யாரும் சொல்வதில்லை. 38 பேர் இருந்தாலும், 380 பேர் இருந்தாலும், புகார் முதலாளி மீதே என்றால் அதுவும் உள்ளூர்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். நம் பக்கம் யூனிட்டுகள் குடும்பமாக நடக்கிறவை. அண்ணன் கட்டிங், மச்சான் பேக்கிங், பெரியப்பா கணக்கு. முதலாளி மீதான புகாரை அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் உட்கார்ந்து விசாரித்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன நியாயம் கிடைக்கும்? அதனால் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பில் உங்கள் குழுவின் பெயர்களுக்குக் கீழே உள்ளூர்க் குழுவின் விலாசத்தையும் போட்டுவிடுங்கள். அந்த விலாசத்தைக் கண்டுபிடிப்பது ஒரு பாடுதான். ஒரு மாவட்டத்தில் அதைக் கேட்டுப் போன என்னை மேசை மேசையாக அனுப்பினார்கள், நாலாவது மேசையில் இருந்தவர் "அப்படி ஒரு குழு இருக்கா?" என்று என்னையே கேட்டார். முதலாளிக்கு 50,000 அபராதம் போடத் தெரிந்த சட்டத்துக்கு, ஒரு பெண் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஊரறிய எழுதி வைக்கத் துப்பில்லை.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டையையும் பாருங்கள். மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறீர்கள், ஆனால் பல பேருக்குத் தங்கள் நம்பரே தெரியாது. ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி இருந்தால் இப்போதே திருத்திக்கொடுங்கள், ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்து பிரயோஜனமில்லை. அட்டையை அச்செடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

டூர் கூடாது என்று சொல்லவில்லை. மூன்று மாதம் இதையெல்லாம் செய்துவிட்டு, ஆட்களிடமே கேளுங்கள். போகலாம் என்றால் ஒரு வேன் பிடித்து, அவர்கள் சொல்கிற இடத்துக்கு, ஞாயிற்றுக்கிழமையைத் தொடாமல் சம்பளத்தோடு கூடிய ஒரு நாளில் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கவும் மாரியம்மன் கோயிலுக்குப் போகவும் வேண்டும்.