காரில் ஆயில் விளக்கு மினுக்குகிறது, எந்த சென்சார் வாங்குவது?

கேள்வி: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறது. சென்சார் போய்விட்டது, புதிது வாங்கி வாருங்கள் என்கிறார் மெக்கானிக். கடையில் ஒரு பின் உள்ளதும் மூன்று பின் உள்ளதும் காட்டுகிறார்கள். எதை வாங்க?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். சூட்டில், அதுவும் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) மட்டும் மினுக்குகிறது என்றால், ஆயில் அழுத்தம் குறைகிறது என்ற உண்மையையே அது சொல்லிக்கொண்டிருக்கலாம். சூடேறினால் ஆயில் இளகும்; ஐடிலிங்கில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். பேரிங் தேய்ந்திருந்தாலோ ஆயில் குறைந்திருந்தாலோ அழுத்தம் விழுவது அந்த நேரத்தில்தான்.

சென்சார் என்று சொன்னாலும், விளக்கை இயக்குவது பெரும்பாலும் ஒரு சாதாரண ஸ்விட்ச். உள்ளே ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஆயில் அழுத்தம் சவ்வைத் தள்ளினால் இணைப்பு விடுபட்டு விளக்கு அணையும். பல கார்களில் இது நடப்பது 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில். ஆகவே விளக்கு எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும். முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி அல்ல அது.

முதலில் டிப்ஸ்டிக்கில் (எஞ்சினில் செருகியிருக்கும் அளவுக்கம்பி) ஆயில் அளவு பாருங்கள். அப்புறம் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் (முள் உள்ள அழுத்தமானி) மாட்டி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் 1 பார் அளவு இருப்பது வழக்கம்; உங்கள் காருக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைவிடக் குறைந்தால் சென்சார் மாற்றிப் பயனில்லை. அழுத்தம் சரியாக இருந்தால், அல்லது ஸ்விட்சின் பிளக்கில் ஆயில் கசிந்திருந்தால், தாராளமாக மாற்றுங்கள்.

வாங்கும்போது பழையதன் பார்ட் நம்பரைக் கொண்டு போங்கள். ஒரு பின் உள்ளது பெரும்பாலும் வெறும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச். மூன்று பின் உள்ளது அழுத்தத்துக்கு ஏற்ப, பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சிக்னல் தரும் சென்சார். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது. மரையும் பொருந்த வேண்டும். ஒரு பின் வகைக்கு எர்த் அதன் உடல் வழியாகத்தான் கிடைக்கிறது. மரையில் கசிவைத் தடுக்கும் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் அது தடைபடலாம்.

வெப்பநிலை சென்சார் வேறு. சூடு ஏறஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் அதில் இருக்கிறது. டேஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள் பெரும்பாலும் காட்டுவது கூலன்ட் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். முள் நடுவில் வந்துவிட்டது என்று உடனே வண்டியை முறுக்காதீர்கள்.

அளந்து பார்க்கும்வரை நீண்ட பயணம் வேண்டாம். விளக்கு அணையாமல் எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள்.