உரம் போட்டும் மரவள்ளி மஞ்சளாகவே இருக்கிறதே?

கேள்வி: வாழப்பாடி பக்கம் ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறேன். நான்காவது மாதம். மழையில் வயலில் ஒரு வாரம் தண்ணீர் நின்றது. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்ணீர் நிற்கும்போதே யூரியாவும் பொட்டாஷும் போட்டுப் பார்த்தேன், செடி தேறவில்லை. இன்னொரு மூட்டை போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம் ஐயா. கடைக்காரர் போடச் சொல்வார், அது அவர் வியாபாரம். உங்கள் செடிக்கு உரத்தை எடுக்கத் தெம்பில்லை.

கரைந்த உரம் தண்ணீரோடு தானாக வேருக்குள் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வேர்ச் செல்லுக்குள், பொட்டாஷ் உரம் தரும் பொட்டாசியம் மண்நீரில் இருப்பதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். குறைந்த இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்குச் சத்தை ஏற்ற, செல் ஆற்றலைச் செலவழித்தாக வேண்டும். இதுதான் ஆற்றல் சார்ந்த கடத்தல். செல் சவ்வில் உள்ள புரதப் பம்புகள், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. அவை திரும்ப உள்ளே வரும்போது, யூரியாவிலிருந்து மண்ணில் உண்டாகும் நைட்ரேட்டையும் சேர்த்து இழுத்து வருகின்றன. பொட்டாசியம் நுழைவதும் இந்தப் பம்பு உண்டாக்கும் மின்னழுத்தத்தை நம்பித்தான்.

ஏடிபி வேண்டுமென்றால் வேர் சுவாசிக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும், இல்லாவிட்டால் வெறும் 2. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஆக, கரண்ட் போன கிணற்று மோட்டார் மாதிரிதான் இப்போது உங்கள் வேர். போதாக்குறைக்கு, காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி விடுகின்றன. போட்ட யூரியாவில் ஒரு பங்கு அப்படியும் போயிருக்கும்.

முதலில் வடிகால் வெட்டி, தேங்கிய நீரை முழுதாக வெளியேற்றுங்கள். அப்புறம் நாலைந்து இடத்தில் செடியைக் கிளறி வேரைப் பாருங்கள். வெள்ளையாகப் புது வேர் நுனி தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். வேரும் கிழங்கும் பழுப்பாகி, கொழகொழவென நாற்றம் அடித்தால் அது அழுகல், அந்தச் செடிகளைப் பிடுங்கி வயலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் லேசாகக் கொத்திச் செடியடியில் மண் அணையுங்கள், காற்று இறங்கட்டும்.

வேர் தேறும்வரை இலைவழியாகக் கொடுக்கலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளியுங்கள். புதுத் துளிர் வந்தபின் பொட்டாஷைப் பிரித்துப் போடுங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, பார்த்துத்தானே விலை வைக்கிறார்கள், கிழங்கில் மாவு ஏறப் பொட்டாஷ் அவசியம்.