கோதுமைக் கதிரும் மைதா மாவும்

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் மாமியாருக்காக, கோதுமைக் கதிர் படம் போட்ட பழுப்பு நிற பாக்கெட் பிஸ்கட்டையே தேடி வாங்குகிறேன். விலையும் கூடுதல்தான். இது சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாக்கெட்டின் முன்பக்கத்தை விளம்பரத்தின் தொடர்ச்சியாகவே பாருங்கள். பழுப்பு நிறமும் சாக்குத் துணி போன்ற அச்சும், உள்ளே இருப்பது தவிடு நீக்காத மாவு என்ற எண்ணத்தை, ஒரு சொல்கூட எழுதாமலே உண்டாக்கிவிடுகின்றன. பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எடை அதிகமுள்ள பொருளை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. அங்கே ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ முதலில் நின்றால் அது மைதாதான். முழுக்கோதுமை என்று முன்னால் பெருமை பேசியிருந்தால், அது எத்தனை சதவீதம் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். தேடிப் பாருங்கள், கண்ணாடி தேவைப்படலாம்.

சர்க்கரையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று மூன்று பெயர்களில் பிரித்துச் சேர்த்தால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற பிஸ்கட்டிலும் மாவு மாவுதான். அதுவும் உடலில் குளுக்கோஸாகவே மாறும். ஆகவே 100 கிராமுக்கு மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, மாமியாருக்கு எத்தனை பிஸ்கட் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் வரும் ‘ஹெல்த் டிரிங்க்’ இல்லாமல் என் மகன் பால் குடிப்பதில்லை. அது ஆரோக்கிய பானம்தானே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயருக்கு வரையறையே கிடையாது. 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதைச் சுட்டிக்காட்டி, பால், தானியம், மால்ட் சார்ந்த பானப் பொடிகளை அந்தத் தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவில் பெரிதாகப் போட்ட கால்சியக் கணக்கின் அருகே ‘பாலுடன்’ என்று பொடி எழுத்தில் இருந்தால், அதில் ஒரு பங்கு நீங்கள் ஊற்றும் பாலுக்கு உரியது. பையனுக்குப் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த இனிப்பைத்தான். கரண்டியின் அளவை வாரத்துக்கு வாரம் சிறிது குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று இதயப் படத்துடன் வரும் கடலை எண்ணெய் உசத்தியா?
– வாசகி, விருதுநகர்

பதில்: எந்தக் கடலை எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை, அது விலங்கு உணவில் இருப்பது. செக்கில் ஆட்டி வாங்கினாலும், பாக்கெட்டில் வாங்கினாலும், 100 கிராம் எண்ணெயில் கொழுப்பு ஏறத்தாழ 100 கிராம்தான்.