நேரே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா? பிட்யூட்டரி கட்டி பற்றிய ஐயத்துக்கு என் பதில்

கேள்வி: வயது 31. மலேசியாவில் தோட்டப்புறத்தில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் 16 கிலோ கூடிவிட்டது. முகமும் வயிறும்தான் பெருத்திருக்கின்றன, கைகால்கள் மெலிந்தே இருக்கின்றன. மாதவிடாய் நின்றுவிட்டது, இரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. காலையில் எடுத்த கார்ட்டிசோல் பரிசோதனை சரியாக இருக்கிறதாம். எல்லா மருத்துவர்களும் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். பிட்யூட்டரி கட்டியாக இருக்குமோ? நேரே தனியாரிடம் சென்று எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

பதில்:

எடுக்க வேண்டாம், தங்கையே. முதல் வேலையாக எடுக்கவே வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு கூறுகிறேன். "சோற்றைக் குறை" என்ற அந்த இரண்டு சொற்களை மூன்று ஆண்டுகள் கேட்டவள் நான் என்பதால், உங்கள் கேள்வியைக் கண்டதும் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் மருத்துவர் அல்லேன்; சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பருமனாக இருப்பவர்கள் அனைவரையும் மூளைக்குள் கட்டி தேடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு வந்த குஷிங் நோய் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவது. மூக்கின் அடிவேருக்குப் பின்னால், பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி தோன்றி, அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளை ஓயாமல் தூண்டி, உடலில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைப் பெருகச் செய்வதே அந்த நோய். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1932-இல் இதை விரிவாக எழுதினார். அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

எனக்கு 2014-இல் தொடங்கியது. முதலில் முகம். ஆசிரியர் அறையில் "டீச்சருக்குக் கலியாணக் களை வந்துவிட்டது" என்று கேலி செய்தார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கேலியும் நின்றுவிட்டது. கழுத்துக்குப் பின்னால் சிறு மேடு எழுந்தது. பிள்ளைகளின் மேசை விளிம்பில் இலேசாக இடித்தாலும் கையில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போகும். வயிற்றில் விரல் அகலத்துக்குச் செவ்வூதா வரிகள் ஓடின. இவை எவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது ஒரு மார்கழிக் காலை: வாசலில் குந்தியிருந்து கோலம் போட்டு முடித்தேன், எழ முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை, தொடைகள் மட்டும் என் சொல்லைக் கேட்கவில்லை. இரும்புக் கதவைப் பற்றிக்கொண்டு எழுந்தபோது கோலத்தின் பாதி என் முழங்காலில் இருந்தது. அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்.

வெறும் பருமனில் எடை கூடும். ஆனால் தோல் மெலிந்து கன்றிப்போவதும், அகன்ற ஊதா வரிகளும், குந்தி எழ முடியாத தொடைத் தளர்ச்சியும் பொதுவாக அதனுடன் சேர்ந்து வருவதில்லை. உங்கள் கேள்வியில் இவை பற்றி ஒன்றும் இல்லை. இருந்தால் மருத்துவரிடம் முதலில் இவற்றைக் கூறுங்கள். எடையைக் கடைசியில் கூறுங்கள். எடையை முதலில் கூறினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் பிறந்த தோட்டத்தில் சிறு மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கிருந்த டிரசர் ஐயா பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர்; ஆனால் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நிற்கும் அத்தனை பேரின் முகமும் அவருக்கு மனப்பாடம், யார் முகம் வீங்கியிருக்கிறது என்பதைக் கூப்பிடு தூரத்திலிருந்தே கூறிவிடுவார். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் லயங்கள் காலியான பிறகு, அந்தக் கட்டடம் உரக் கிடங்காகிவிட்டது. இப்போது அரசாங்கக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய இளம் மருத்துவர் இருக்கிறார். அவர்களைக் குறை கூறவில்லை, வெளியே நீண்ட வரிசை காத்திருக்கிறது. ஆயினும் என் இரத்த அழுத்தம் ஒருவரிடமும், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மற்றொருவரிடமும், தோல் வரிகளுக்கான களிம்பு மூன்றாமவரிடமும், மாதவிடாய் நான்காமவரிடமும் இருந்தன. நான்கையும் ஒரே ஆளின் உடலாகப் பார்த்தவர் யாரும் இல்லை.

பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் மருத்துவர் இல்லை. 2016-இல் வங்கி முகப்பில் இருந்த பெண் என் அடையாள அட்டையான மைகார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் அட்டையைப் பார்த்தார். "இது உங்கள் தங்கையின் அட்டையா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். பெருவிரலை ரேகைக் கருவியில் வைத்து மெய்ப்பித்த பிறகே பணம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் தீபாவளிப் படங்களை 2012-இலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து ஒரு தாளில் ஒட்டி, கிளினிக்குக்குக் கொண்டு போனேன். அன்றிருந்த இளம் மருத்துவர் அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஈப்போ மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் எழுதினார்.

இனி, எனக்கு வெட்கமான பகுதி. ஈப்போவில் நிபுணர் கேட்ட முதல் கேள்வி, "ஜாமு மூலிகை மருந்து, மூட்டுவலி மாத்திரை, முகக் களிம்பு, ஏதாவது பயன்படுத்தினீர்களா?" என்பதுதான். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துத் தமிழச்சி என்றால் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கண்டதை வாங்கி விழுங்குவாள் என்று நினைக்கிறாரே என்று கோபம் வந்து, "இல்லை" என்றேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் இல்லை என்றேன். அருகில் இருந்த அம்மா, "அந்தப் பச்சை டப்பாவைச் சொல்லேன்மா" என்றார்.

ஆம், விழுங்கியிருந்தேன். கால் தளர்ச்சிக்காக, பாசார் மாலாமில், ஒரு டப்பா 25 வெள்ளி (ரிங்கிட்) என்று வாங்கி நான்கு மாதங்கள், விட்டு விட்டு. இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசோலைப் போல் வேலை செய்யும் மருந்து, கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. டப்பாவில் எம்.ஏ.எல். என்ற அரசாங்க மருந்துப் பதிவு எண் அச்சிட்டிருந்தாலும் நம்ப முடியாது, போலி எண்களும் உண்டு. குஷிங் அறிகுறிகள் பிட்யூட்டரி கட்டியால் வருவதைவிட வெளியிலிருந்து உட்கொள்ளும் ஸ்டீராய்டால் வருவதே மிகுதி. ஆகவே நிபுணர் கேட்டது என் இனத்தை அன்று, நோயை. என் பொய் நிலைத்திருந்தால் பரிசோதனைகள் அனைத்தும் குழம்பியிருக்கும். நீங்கள் இப்படி எதையாவது உட்கொண்டிருந்தால் பொட்டலத்துடன் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடலில் சொந்தக் கார்ட்டிசோல் தூங்கிவிட்டிருக்கும், சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. என்னை மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாக விடுவித்து, மூன்று மாதம் காத்திருந்து பார்த்தார்கள். முகம் வற்றவில்லை. அப்போதுதான் உள்ளேயே ஊற்று இருக்கிறது என்ற ஐயம் வலுத்தது.

உங்கள் காலைப் பரிசோதனை "சரி" என்றதற்கு வருவோம். கார்ட்டிசோல் எவருக்கும் காலையில் உயர்ந்து, நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழும். குஷிங் நோயில் முதலில் கெடுவது அந்த இரவுத் தாழ்வுதான். காலை எட்டு மணிக்கு நோயாளியின் அளவும் நலமானவரின் அளவும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே அந்த ஒற்றைத் தாளை வைத்து நோய் இல்லை என்று கூற முடியாது. இருக்கிறது என்றும் கூற முடியாது. இதற்கென உள்ள பரிசோதனைகள் மூன்று: நள்ளிரவு உமிழ்நீரில் கார்ட்டிசோல், 24 மணி நேரச் சிறுநீரில் கார்ட்டிசோல், இரவு டெக்சாமெத்தசோன் கொடுத்து, கார்ட்டிசோல் தாழ்கிறதா என்று மறுநாள் காலை இரத்தம் எடுத்துப் பார்ப்பது. ஒன்றை மட்டும் நம்பாமல், இரண்டு மாறுபட்ட பரிசோதனைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள்.

சிறுநீர்ச் சேகரிப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கூற மாட்டார்கள், நான் கூறுகிறேன். பெரிய நெகிழிக் குடுவை ஒன்று தருவார்கள். காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலையின் முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டும் தவறாமல் அதில் சேர வேண்டும். குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பள்ளி நாளில் இது நடக்காது, சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது அம்மா மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டார்.

இரண்டு பரிசோதனைகளும் கார்ட்டிசோல் மிகுதி என்று உறுதி செய்த பின், ஏ.சி.டி.எச். என்ற தூண்டு ஹார்மோனை அளந்தார்கள். அது தாழ்ந்திருந்தால் கோளாறு அட்ரினலில், என்னுடையது தாழவில்லை. அதன்பிறகே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நோயே இல்லாதவர்களிலும் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் ஏதோ ஒரு சிறு புள்ளி தென்படும் என்றார் நிபுணர். மறுபுறம், குஷிங் நோய் உள்ளவர்கள் பலரின் படத்தில் ஒன்றுமே தெரியாது. ஹார்மோன் கணக்கு முடியாமல் நீங்கள் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துப் படம் எடுத்தால், புள்ளி தெரிந்தாலும் உறக்கம் போகும், தெரியாவிட்டாலும் பொய்யான நிம்மதி வரும். எனக்குத் தெரிந்த புள்ளி 4 மில்லிமீட்டர். அது மட்டும் போதாது என்று, தொடை மடிப்பிலிருந்து மெல்லிய குழாய்களைச் சிரை வழியாகச் சுரப்பிக்கு அருகே செலுத்தி, இரு பக்கமும் இரத்தம் எடுத்து ஒப்பிட்ட பிறகே கத்தியைத் தொட்டார்கள்.

2018-இல் மூக்கு வழியாக அறுவை நடந்தது. மறுநாள் கார்ட்டிசோல் பாதாளத்துக்குப் போனது; அதுதான் வெற்றிக்கு அடையாளமாம். பிறகு 14 மாதங்கள் கார்ட்டிசோலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, மூட்டெல்லாம் வலி, அவசரத்தில் காட்டுவதற்காகப் பையில் எப்போதும் ஸ்டீராய்டு அட்டை. அதை இங்கே விரிக்கவில்லை, நீங்கள் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

உங்களுக்கு இருப்பது வேறாகவும் இருக்கலாம். பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிந்து மாதவிடாய் நின்றால் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைப் பார்ப்பார்கள்; அந்த வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரைக்கே சுருங்கும். சில வாந்தி மாத்திரைகளும் மனநோய் மாத்திரைகளும் அதே ஹார்மோனை உயர்த்தும், தைராய்டு குறைந்தாலும் உயரும். மோதிரம் இறுகி, செருப்பளவு கூடி, பல்லிடுக்கு விரிந்தால் அது வளர்ச்சி ஹார்மோன் பக்கம். இரு ஓரங்களிலும் பார்வை மங்கிக் கதவு நிலையில் தோள் இடிக்கிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, பார்வைக் குறைவு ஆகியவை சேர்ந்து வந்தால் கிளினிக்குக்குப் போகாதீர்கள், நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, ஆண்டு வாரியான படங்களையும், எந்த மாதத்தில் எது தொடங்கியது என்று ஒரு பக்கத்தில் எழுதியதையும் கொடுத்து, நாளமில்லாச் சுரப்பி (ஹார்மோன்) நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். தனியார் கடிதத்துடன் போனால் நிபுணர் கட்டணம் கூடும். புத்ராஜெயா மருத்துவமனை இத்துறைக்குப் பெயர் பெற்றது. தேவையானால் உங்கள் மாநில மருத்துவமனையே அங்கு அனுப்பும். மாதவிடாய்க்காகக் கருத்தடை மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தக் கார்ட்டிசோலை உயர்த்திக் காட்டி டெக்சாமெத்தசோன் பரிசோதனையைக் கெடுக்கும். அதை எத்தனை வாரம் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பரிசோதனைக்கு இரவு 11 மணிக்கு மாத்திரையை விழுங்கி, காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக இரவு இரண்டு மணிக்கு முன் கண் மூடாத நான், அன்று பார்த்து ஒன்பதரைக்கே நாற்காலியில் உறங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் மாத்திரை இரண்டும் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தன. மறு தேதி கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.